பல் வலிக்கும் வரை

கன்னித்திட்டுச் சேற்றிலிருந்து கடைசி நண்டை வெளியே இழுத்துப் போட்ட மறுநாள் காலையில் அஞ்சலாட்சியின் காது ஓட்டை இரண்டும் மூடிக்கொண்டன. வலி இல்லை, வீக்கம் இல்லை, ஒரு பொட்டு ரத்தம் இல்லை. தலைவாரும்போது கம்மல் கழன்று மடியில் விழுந்தது, எடுத்துத் திரும்பப் போடலாம் என்று காதைத் தடவினால் அங்கே ஓட்டையும் இல்லை, ஓட்டை இருந்த தழும்பும் இல்லை, நேற்றுப் பிறந்த பிள்ளையின் காது மாதிரி வழவழவென்று இருந்தது. ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது, எதிர்வீட்டு வாசலில் அவள் நாத்தனார் வேம்பு எட்டு மாத வயிற்றோடு நின்று மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, என் மூக்கு அடைஞ்சு போச்சு."

"சளியாடி?"

"சளியா? மூக்குத்தி ஓட்டையச் சொல்றேன். விரல வச்சுப் பாரு, இருந்த எடமே தெரியல."

"விடுடி. மூச்சு விடுற ஓட்டைய விட்டு வச்சிருக்கே, அதுக்கே கும்புடு போடு."

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றைக்கு அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

கன்னித்திட்டு என்பது உப்பங்கழிக்குள் தள்ளிக்கொண்டு நிற்கிற ஒரு மேடு, முப்பத்தெட்டு வீடு, மூன்று பக்கமும் சேறு, சேறு முழுக்கச் சுரபுன்னைக் காடு. அந்த ஊர் ஜனங்களுக்கு வலையும் கிடையாது, தூண்டிலும் கிடையாது, கைதான். இடுப்பளவு தண்ணீரில் குந்தி உட்கார்ந்து, கழுத்துவரை முங்கி, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவித் தடவி எறாவும் நண்டும் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளப் பனையோலையில் முடைந்த பறி ஒன்று நெஞ்சுக்கு முன்னால் தொங்கும், இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். ஆணும் அப்படித்தான், பெண்ணும் அப்படித்தான், ஏழு வயசில் பழகினால் எழுபது வரைக்கும் அப்படித்தான். இந்தப் பல்லை வைத்துத்தான் அந்த ஊரில் இரண்டு கட்டு இருந்தது. பல்லில் கயிறு இருக்கிறவரோடு யாரும் பேசக் கூடாது, பதில் சொல்ல வாய் திறந்தால் பறி போய்விடும். அது ஒன்று. பல் வலித்தால் கரையேறிவிட வேண்டும், பறி பாதிதான் நிறைந்திருந்தாலும் சரி. அது இன்னொன்று. முதல் கட்டை வைத்துப் பெண்கள் பிழைத்துக்கொண்டார்கள். புருஷன் குடித்துவிட்டு வந்து கத்த ஆரம்பித்தால் பொண்டாட்டி பேசாமல் போய்ப் பறியை எடுத்துக் கயிற்றைக் கடித்துக்கொண்டு வாசலில் நின்றுவிடுவாள், அவள் இறக்கி வைக்கிற வரைக்கும் அவன் வாயைத் திறக்க முடியாது. அஞ்சலாட்சியின் புருஷன் மஞ்சினி, கல்யாணமான முதல் வருஷத்தில் தன் பொண்டாட்டியைப் பறியோடு பார்த்த நேரம்தான் அதிகம் என்று சொல்லித் திரிவான்.

அந்த ஊருக்குத்தான் லாரி வந்தது. தீவனம் அரைக்கிற ஏதோ ஒரு கம்பெனிக்கு நண்டு வேண்டும், பெரிய நண்டு வேண்டாம், சின்ன நண்டு போதும், கட்டைவிரல் அளவு நண்டு, அரைத்துக் கோழிக்குப் போடுவதற்கு.

"எதச் சொல்றீங்க? கூப்பிடுறவனையா?" என்று கேட்டான் வேம்பின் புருஷன் பொன்னுரங்கம்.

கூப்பிடுறவன் என்பது தண்ணீர் வற்றினதும் சேறெல்லாம் ஆயிரம் ஆயிரமாக வளையை விட்டு வெளியே வந்து, பெருத்திருக்கிற ஒற்றைக் கையை வா வா என்று ஆட்டிக்கொண்டு நிற்கிற குட்டி நண்டு. அதை யாரும் தின்றதில்லை, விற்றதில்லை, அது ஒரு பொருள் என்றே யாரும் நினைத்ததில்லை. நினைக்காததால் அதற்கென்று ஒரு கட்டும் அந்த ஊரில் இல்லை. லாரிக்காரர் நல்ல மனுஷன், சிரித்த முகம், வீட்டுக்கு ஒன்றாகப் பாதியில் அறுத்த நீல டிரம்மும் இடுப்பில் கட்டிக்கொள்ளக் கயிறும் கொடுத்தார். டிரம் தண்ணீரிலும் சேற்றிலும் வழுக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தது. வாய்க்கு வேலை இல்லாமல் போனதால் பாடிக்கொண்டு பிடித்தார்கள், வம்பு பேசிக்கொண்டு பிடித்தார்கள், வெற்றிலை போட்டுக்கொண்டு பிடித்தார்கள். யாருக்கும் பல் வலிக்கவில்லை. பல் வலிக்காததால் எப்போது போதும் என்பது யாருக்கும் தெரியவில்லை, டிரம்முக்கு ஏது பல்? இரண்டு பருவம் அப்படிப் போனது. கடைசியில் ஒரு மத்தியானம், சாய்ந்த சுரபுன்னை ஒன்றின் அடியில், முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவி அஞ்சலாட்சி ஒரு நண்டை எடுத்தாள். அது கடைசி என்று அதன் மேல் எழுதியிருக்கவில்லை. டிரம்மில் போட்டாள்.

காதுக்கும் மூக்குக்கும் அப்புறம் ஊசிகள் மூடிக்கொண்டன. ஊசிக்காது இல்லாத ஊசியால் என்ன தைப்பது, சட்டைக்குப் பட்டன் தைக்கலாம் என்றால் பட்டனிலும் ஓட்டை இல்லை. சல்லடை தாம்பாளமானது. இட்லித் தட்டில் ஆவி ஏறவில்லை. தோசையில் கண்ணே விழாமல் செருப்புத் தோல் மாதிரி வந்தது. பூட்டில் சாவி நுழையாததால் பூட்டுவதை விட்டார்கள், பூட்டாமல் இருந்தும் எதுவும் திருடு போகாததால் அதையும் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். கொசுவலையெல்லாம் துப்பட்டியானது. தாலிப்பொட்டின் காது மூடிக் கயிற்றிலிருந்து நழுவி விழுந்தபோது மட்டும் பெண்கள் ஒரு நாள் பூராவும் அழுதார்கள், மறுநாள் மஞ்சள் துணியில் முடிந்து கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

எதற்கும் பழகிக்கொள்கிற ஜனங்கள் இதற்கும் பழகிக்கொண்டார்கள். ஆளுக்கொரு ஆணியை அரைஞாணில் கட்டிக்கொண்டார்கள். விடிந்ததும் வீட்டுக்கு வீடு டொக் டொக்கென்று சத்தம் கேட்கும், இட்லித் தட்டுக்கும் அடுப்புக்கும் குழாய்க்கும் ஓட்டை போடுகிற சத்தம். அது மத்தியானம் வரைக்கும் தாங்கும், மறுபடி போட வேண்டும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பலகையில் சுழி போட்டால் அது நிரம்பி வெள்ளைப் பொட்டாகிவிடும், பிள்ளைகள் பத்தை 'ஒண்ணு பொட்டு' என்று படித்தார்கள். விவரம் எழுத வந்த அதிகாரி ஒருவர், எழுதின தாள்களைக் கோக்க ஓட்டை போட்டார், மூடியது, மறுபடி போட்டார், மறுபடி மூடியது, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வருஷ மழைக்கு ஒரு கூரைகூட ஒழுகவில்லை. எலி வளை இல்லை, பாம்புப் புற்று இல்லை, படகில் தண்ணீர் இறைக்கிற வேலை இல்லை.

"இருபது வருஷமா மனு குடுத்தோம், ஒழுகுற கூரைய ஒருத்தன் வந்து பாக்கல. இப்ப பாரு, தானா அடைஞ்சிருக்கு" என்றான் பொன்னுரங்கம், கூரையை அண்ணாந்து பார்த்தபடி.

"ஆமாய்யா, இப்படியே போனா ஒன் வாயும் ஒரு நாள் அடைச்சிரும், ஊரு நிம்மதியா இருக்கும்" என்றாள் வேம்பு, முதுகைப் பிடித்துக்கொண்டு. அவன் அவள் முதுகை நீவிவிட்டான். அதற்கு அஞ்சலாட்சியும் சிரித்தாள்.

காடு மட்டும் பழகிக்கொள்ளவில்லை. சுரபுன்னை உதிர்க்கிற இலையைக் கூப்பிடுறவனும் அவன் சோட்டு நண்டுகளும்தான் வளைக்குள் இழுத்துப் போகும், தின்றது போக மிச்சம் சேறாகும், அந்தச் சேற்றை எறாக்குஞ்சு தின்னும், எறாக்குஞ்சை மீன் தின்னும், மீனைக் கொக்கு தின்னும், மீதி மனுஷனுக்கு. இதெல்லாம் அஞ்சலாட்சிக்குப் பிறந்ததிலிருந்து கண்ணால் பார்த்த சங்கதி, ஆனால் இழுக்க ஆளில்லாமல் இலை மேலேயே கிடந்து கிடந்து கறுத்து அழுகியபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. வளை வழியாகத்தான் சேற்றுக்குள் காற்றும் தண்ணீரும் போய் வந்திருக்கிறது. வளை இல்லாத சேறு பூசி மெழுகின தரை மாதிரி இறுகி, அழுகின முட்டை நாற்றம் நாறியது. ஆணி அடித்த மாதிரி சேற்றைக் குத்திக்கொண்டு நிற்கிற மூச்சுவேரெல்லாம் நுனி அடைத்துக்கொண்டு, மரங்கள் நின்ற இடத்திலேயே மூச்சுமுட்டின. முதலில் இலை மஞ்சளானது, அப்புறம் கொப்பு, அப்புறம் மரம். எறா போனது. எறாவைத் தேடிக்கொண்டு மீன் போனது. கொக்குகள் மூன்று நாள் ஒற்றைக்காலில் நின்று பார்த்துவிட்டு நான்காம் நாள் மொத்தமாக எழும்பிப் போயின. லாரியும் வருவதை நிறுத்தியது. நீல டிரம்களைக் கூரைமேல் கவிழ்த்துப் போட்டுவிட்டு, ஊர் ரேஷன் அரிசிக் கஞ்சியைக் குடித்தது.

நண்டை எடுத்ததால்தான் எல்லாம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். எல்லாருடைய கையும் எடுத்த கை என்பதால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

வேம்புக்கு வலி கண்டது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். ஊரில் வைத்துப் பார்க்க யாருக்கும் தைரியமில்லை, ஆட்டோ வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். ஆனால் கன்னித்திட்டு ஆட்கள் எங்கே போனாலும் அந்த அடைப்பு கூடவேதான் போகும் என்பது அதற்குள் தெரிந்திருந்தது. டவுனில் போய்க் காது குத்திக்கொண்டு வந்த பெண்ணுக்குப் பஸ் ஊர் எல்லைக்கு வருவதற்குள் மூடியிருந்தது. வழி இல்லை என்றார்கள் நர்சுகள். அறுத்து எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. அறுத்தார். தண்ணீரைக் கத்தியால் கீறின மாதிரி, கத்தி போன தடம் கத்திக்குப் பின்னாலேயே கூடிக்கொண்டது. அந்த டாக்டரம்மா விடவில்லை, சாயங்காலம் வரைக்கும் நின்ற இடத்தில் நின்று பார்த்தார். கடைசியில் வெளியே வந்து, கையுறையைக் கழற்றாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். வேம்பும் போனாள், உள்ளேயே அந்தப் பிள்ளையும் போனது.

புதைக்கக் குழி வெட்டினார்கள். வெட்ட வெட்டக் குழி மூடியது. நாலு பேர் நாலு பக்கம் நின்று ஓயாமல் மண்ணைத் தள்ளிக்கொண்டே இருக்க, நடுவில் அவளை இறக்கினார்கள். மேலே மண் போட வேண்டியிருக்கவில்லை. பொன்னுரங்கம் கைப்பிடி மண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, போட இடமில்லாமல், அதை வீடு வரைக்கும் கொண்டுபோனான்.

அதற்கப்புறம் ஊரில் ஒருவரும் அஞ்சலாட்சியின் வயிற்றைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்துப் பேசினார்கள், காலைப் பார்த்துப் பேசினார்கள், வயிற்றைத் தாண்டிக் கண்ணைக் கொண்டுபோனார்கள். உள்ளே பிள்ளை மட்டும் ஒன்றும் தெரியாமல் உதைத்துக்கொண்டிருந்தது. ஒன்பது மாதம் நிறைந்த அன்று அஞ்சலாட்சி கஞ்சிக் கும்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மஞ்சினியிடம் வந்தாள்.

"மாமா, படகை அவுரு. பழங்கழிக்குப் போவோம்."

பழங்கழி என்பது கழிக்கு அந்தப் பக்கம், ஒரு மணி நேரம் தள்ளுகிற தூரத்தில் இருக்கிற ஊர். அங்கே லாரி போகப் பாதை கிடையாது, அதனால் டிரம்மும் போகவில்லை.

"எதுக்கு? சண்டை போடவா? நம்ம பேரச் சொன்னாலே காறித் துப்புறாங்க."

"துப்பட்டும். கூப்பிடுறவனக் கேட்டு வாங்கியாந்து நம்ம சேத்துல விடுவோம்."

"விட்டா?"

"விட்டா தோண்டும். தோண்டுனா தெறக்கும். தெறக்கலன்னா நான் வேம்பு பக்கத்துல போயிப் படுத்துக்கறேன். வேற ஒனக்கு என்னா தெரியும், சொல்லு?"

மஞ்சினி எழுந்து போனான். படகை அவிழ்த்தான்.

பழங்கழிச் சேறு தூரத்திலேயே கண்ணில் பட்டது, இட்லியின் முதுகு மாதிரி புள்ளி புள்ளியாக, மூச்சு விடுகிற சேறு. ஆயிரம் ஒற்றைக்கைகள் வா வா என்று ஆடின. கரையில் பறி காயவைத்துக்கொண்டிருந்த கொளஞ்சி என்கிற பெண் எழுந்து வந்தாள், அஞ்சலாட்சியைவிடப் பத்து வயசு மூத்தவள், முறைக்கு அக்காள் வேண்டும்.

"வாடியம்மா டிரம்முக்காரி. ஒங்க ஊரத் தின்னு முடிச்சுட்டு எங்க ஊருக்கு வந்துட்டியா?"

"ஆமாக்கா. தின்னுட்டோம். நானும்தான் தின்னேன். கடைசி நண்டு என் கையாலதான் எடுத்தேன்."

கொளஞ்சி திட்டுவதற்கு இன்னும் பத்துப் பேச்சு எடுத்து வைத்திருந்தாள். எதிரே நிற்பவள் அப்படிச் சொன்னதும் அதையெல்லாம் விட்டுவிட்டாள். அவள் ஒருத்திதான் பல நாள் கழித்து அஞ்சலாட்சியின் வயிற்றை நேராகப் பார்த்தாள்.

"எப்ப?"

"இன்னிக்கோ நாளைக்கோ."

"எடுத்துக்க. ஆம்பளயும் பொட்டையும் கலந்து எடு. அது இருக்கிற சேத்தோட அள்ளு, இல்லன்னா தங்காது. ஆனா எங்க பறியிலதான், பல்லுல கடிச்சுத்தான். பல்லு வலிச்சா கரையேறிடணும். அதுக்கு மேல ஒண்ணு எடுத்தாலும், இந்தா பாரு, எங்க ஊர்லயும் நாலு பேரு முழுகாம இருக்காளுவோ."

"சரிக்கா."

"இன்னொண்ணு. பறிய ஒங்க படகுல வைக்காத. ஒங்க பொருளு பட்டா ஓலைக்கண்ணு மூடிக்கும், உள்ள இருக்கிறது மூச்சு முட்டிச் செத்துரும். ஊரு போயி சேருற வரைக்கும் பல்லுலயே தொங்கணும்."

அஞ்சலாட்சி கயிற்றைக் கடித்துக்கொண்டு சேற்றில் முட்டிபோட்டாள். கை மறக்கவில்லை. வளைக்குள் விரலை விட்டு, நண்டின் முதுகைத் தடவி, பிடிச்சேற்றோடு எடுத்துப் பறியில் போட்டாள். ஒன்று, இரண்டு, ஏழு, பத்து. தாடைதான் மறந்திருந்தது. இரண்டு பருவம் டிரம்மை இழுத்துக்கொண்டு பாட்டுப் பாடித் திரிந்த தாடை, முன்பெல்லாம் அரைப் பொழுது தாங்கின தாடை, பதினைந்தாவது நண்டுக்கே நடுங்க ஆரம்பித்தது. பத்தொன்பதில் கடைவாய்ப் பல்லிலிருந்து வலி கிளம்பிக் காதுக்கு ஏறியது. பறி பாதிகூட நிறையவில்லை. கை எட்டுகிற தூரத்தில் இன்னும் மூன்று நண்டு நின்று கூப்பிட்டன, நாலாவது அப்போதுதான் தலையை நீட்டியது.

"இன்னும் கொஞ்சம் எடும்மா" என்றான் மஞ்சினி. பல்லில் கயிறு இருக்கிறவளோடு அவன் பேசியது வாழ்நாளிலேயே அது ஒரு தடவைதான். "நாலே நாலு. யாருக்குத் தெரியப் போவுது?"

அவள் அந்த மூன்றையும் பார்த்தாள். வயிற்றுக்குள் உதைத்தது. அவளுக்குத் தெரியும், இந்த ஊரில் யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை, கொளஞ்சிகூட அந்தப் பக்கம் திரும்பித்தான் நின்றாள். அஞ்சலாட்சி எழுந்து கரையேறினாள்.

பாதிக் கழி தாண்டுவதற்குள் வலி கண்டது. படகின் நுனியில் மண்டியிட்டு, பறி தண்ணீருக்கு மேலே ஆட, அவள் கயிற்றைக் கடித்தாள். கத்துவதற்கு வாய் திறந்தால் பறி போய்விடும், அதனால் கத்தவில்லை. ஒவ்வொரு அலை வலிக்கும் கயிறு பல்லுக்குள் இன்னும் கொஞ்சம் புதைந்தது. படகு கன்னித்திட்டைத் தொட்டபோது ஊரே சேற்று ஓரம் வந்து நின்றது, அவள் பல்லில் கயிற்றைப் பார்த்ததும் ஊரே வாயை மூடிக்கொண்டது. முப்பத்தெட்டு வீட்டு ஜனமும் ஒரு சத்தம் இல்லாமல் நிற்க, அவள் சேற்றில் இறங்கி, நின்று, வலியை விட்டு, மறுபடி நடந்து, சாய்ந்த சுரபுன்னை அடியில், கடைசி நண்டை எடுத்த அதே இடத்தில், பறியை இறக்கிச் சாய்த்தாள்.

பத்தொன்பது நண்டும் வெளியே வந்து நின்றன. கீறிப் பார்த்தன. தரை வழுக்கியது. ஒன்று ஒற்றைக்கையால் அடித்துப் பார்த்தது, இன்னொன்று சுற்றிச் சுற்றி வந்தது, அப்புறம் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சும்மா நின்றன. பெண்கள் அஞ்சலாட்சியைப் பிடித்துப் படுக்கவைத்தார்கள். கயிறு இன்னும் அவள் வாயில்தான் இருந்தது, விடத் தெரியவில்லை. அடுத்த வலிக்கு அவள் கடித்த கடியில் கடைவாய்ப் பல் முறிந்து, ரத்தத்தோடு தெறித்துச் சேற்றில் விழுந்தது. விழுந்த இடத்தில் உளுந்து அளவுக்கு ஒரு குழி விழுந்தது. எல்லாரும் அது மூடுவதற்காகக் காத்திருந்தார்கள். மூடவில்லை.

ஒரு நண்டு அந்தக் குழி ஓரம் வந்தது. காலை விட்டது. உருண்டை உருட்டி ஒரு துளி சேற்றை வெளியே வைத்தது. அப்புறம் இன்னொன்று. அடுத்த நண்டு அதன் பக்கத்தில் இளகின இடத்தில் தோண்டியது, அதற்கடுத்தது அதற்குப் பக்கத்தில். அடைத்து வைத்திருந்த நாற்றம் உஸ்ஸென்று கிளம்பியது. யாரோ மூக்கைப் பொத்தினார்கள், யாரோ அழுதார்கள். பத்தொன்பதாவது நண்டும் வளைக்குள் போய் மறைந்த நேரம் பிள்ளை வந்தது. அந்தச் சேற்றிலேயே வந்தது.

பெண்கள் அதைத் துடைத்து, தூக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள், அந்த ஊர்ப் பெண்கள் அப்போது பார்க்கவேண்டியது அதைத்தானே. மூக்கு ஓட்டை இரண்டும் இருந்தது. வாய் திறந்து கத்தியது. கீழேயும் எல்லாம் சரியாக இருந்தது, பெண் பிள்ளை. காதைப் பார்த்தார்கள். மடல் இருந்தது, அழகான மடல், மஞ்சினியின் மடல். மடலுக்கு நடுவில் வழி இல்லை. இரண்டு பக்கமும் வழவழவென்று தோல்.

வேம்பு என்று பேர் வைத்தார்கள். தன் பேர் அதுதான் என்று அவளுக்குத் தெரியாது.

வந்த நண்டுகளில் பொட்டைகள் முட்டை தள்ளின, தள்ளியதில் நூற்றில் ஒன்று நின்றது, நின்றது வளர்ந்து தோண்டியது. ஒரு பருவம் கழித்து ஊசிக்காது திறந்தது. இன்னொரு பருவம் கழித்துத் தோசையில் கண் விழுந்தது, அன்றைக்கு ஊரே தோசை தின்றது. கூரையும் பழையபடி ஒழுகியது. காட்டில் முக்கால்வாசி செத்தது செத்ததுதான், வெளுத்த கட்டையாக நிற்கிறது. மீதி அங்கங்கே துளிர்விட்டது. ஆனால் பிறக்கும்போது இல்லாத வழி அப்புறம் வரவில்லை. டவுனில் காட்டினார்கள். அங்கேயிருந்தவர் மேலே எழுதிக் கொடுத்தார், மேலேயிருந்தவர் தோலுக்கு உள்ளே காது என்று ஒன்றும் இல்லை என்றார். அஞ்சலாட்சி தினமும் விடிந்ததும் சேற்று ஓரம் போய்ப் புது வளை எத்தனை என்று பார்ப்பாள், வீட்டுக்கு வந்து பிள்ளையின் காதில் சுண்டுவிரலை வைத்துப் பார்ப்பாள், அப்புறம்தான் அடுப்பு மூட்டுவாள். கை எட்டுகிற தூரத்தில் நின்ற அந்த மூன்று நண்டைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. மஞ்சினியும் பேசியதில்லை. சோறு போடும்போது சில நாள் அவன் அவள் முகத்தைப் பார்ப்பான், அவள் நாக்கு பல் போன இடத்தைத் துழாவிக்கொண்டிருக்கும்.

பிள்ளைக்கு ஒன்றரை வயசாகி நடக்கத் தொடங்கின பருவத்தில், தண்ணீர் வற்றின ஒரு காலை நேரம், பெண்களும் ஆண்களும் கரையில் உட்கார்ந்து பறி முடைந்துகொண்டிருந்தபோது பாதையில் ஹார்ன் சத்தம் கேட்டது. ஒன்றரை வருஷத்துக்கு மேலாகக் கேட்காத சத்தம். ஊர் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. சிரித்த முகத்தோடு லாரிக்காரர் இறங்கினார், சேற்றைப் பார்த்தார், புள்ளி புள்ளியாக வளை விட்டிருந்த சேற்றைப் பார்த்து அவர் முகம் இன்னும் மலர்ந்தது.

கஞ்சி குடிக்கிற காலம் இன்னும் தீரவில்லை. பொன்னுரங்கம்தான் முதலில் எழுந்தான், பின்னால் தட்டிக்கொண்டான், அவன் கண் கூரைமேல் கிடக்கிற நீல டிரம்முக்குப் போனது. அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள்.

அஞ்சலாட்சி இடுப்பிலிருந்த பிள்ளையைச் சேற்று ஓரம் இறக்கிவிட்டாள். பறியை எடுத்தாள். இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அதை வாய் மட்டும் நிரப்பினாள். கயிற்றைக் கடித்துக்கொண்டு, பாதை ஊருக்குள் நுழைகிற இடத்தில், லாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

லாரிக்காரர் என்னவோ கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. அவர் திரும்பி ஊரைக் கேட்டார். பல்லில் கயிறு இருக்கும்போது ஊரும் பதில் சொல்லாது. பொன்னுரங்கம் அவள் வாயோரம் ரத்தம் கசிவதைப் பார்த்தான், உட்கார்ந்து முடைச்சலைக் கையில் எடுத்துக்கொண்டான். மற்ற இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஹார்ன் மறுபடி அடித்தது, நீளமாக, பிடித்த கையை எடுக்காமல். குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அஞ்சலாட்சியின் தாடை நடுங்கியது, மீதியிருந்த பல்லெல்லாம் வலித்தது, அவள் இறக்கவில்லை.

அவளுக்குப் பின்னால், அந்தச் சத்தத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேம்பு சேற்றில் குந்தியிருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு வளையிலிருந்து ஒன்று வெளியே வந்து, பெருத்த ஒற்றைக்கையைத் தூக்கி வா வா என்று ஆட்டியது. பிறந்ததிலிருந்து எந்தக் குரலுக்கும் திரும்பாத பிள்ளை, தன் கையைத் தூக்கி, அதேமாதிரி ஆட்டிக் கூப்பிட்டது.